புதிய தாவலில் திற

காட்டிலும் மேட்டிலும் நெட் பறக்கிறது என்று டி.வி.யில் வாய் கிழியப் பேசுகிறார்கள். பேசுகிறவன் ஒருநாள் புதூருக்குக் கிழக்கே உச்சிமாகாளியின் புஞ்சையில் வந்து நின்று பார்க்கட்டும். ஒரு புள்ளி சிக்னல் கிடைக்காது. அந்தப் புஞ்சையில்தான் அன்றைக்கு மத்தியானம் வள்ளிமயிலின் வெள்ளாடுகள் ஒவ்வொன்றாகக் கால் பின்னி விழுந்துகொண்டிருந்தன.

விதைத்த சோளம் மழை ஏமாற்றியதில் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. முந்தாநாள் போனால் போகிறது என்று ஒரு தூறல் விழ, குருத்து விட்டிருந்தது. வள்ளிமயிலின் புருஷன் கடற்கரை சற்றே கண் அசந்தான். அந்த நேரம் பார்த்து மந்தை வேலிமுள்ளைத் தாண்டிவிட்டது. பசித்த வாய் பச்சையைக் கண்டால் விடுமா? முட்டத் தின்றுவிட்டு வந்தவை மூச்சு வாங்கின, நுரை தள்ளின. மூன்று ஏற்கெனவே சாய்ந்துவிட்டன.

“உப்புசம்தான். வயித்தப் பாரு, தவுல் மாதிரி இருக்கு” என்றான் கடற்கரை.

“இல்லங்க. சோளம். வாடுன சோளம் ஆகாதும்பா எங்கம்மா.”

“ஆகாதுன்னா என்னட்டி செய்யணும்? அதச் சொன்னாளா ஒங்கம்மா?”

அதை அம்மா சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். மாட்டு டாக்டர் நம்பர் கடற்கரையின் போனில் இருந்தது. அந்தப் போன் போன மாசம் தொட்டியில் விழுந்து செத்தது. மகள் இசக்கிச்செல்வி கோவில்பட்டியில் மில்லு வேலையில் இருந்தாள். ஷிப்டு முடியும்வரை போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இருந்தது வள்ளிமயில் கையிலிருந்த போன் ஒன்றுதான். அதற்கும் கண்மாய்க்கரை மேல் ஏறினால்தான் உயிர் வரும்.

ஓடினாள். கரையேறி, மைக்கை அமுக்கி, “ஆடு சோளப்பயிர் தின்னுட்டு விழுதுய்யா, என்ன செய்யணும்?” என்று கேட்டாள். எதிரே ஆள் நிற்பதுபோலக் கெஞ்சினாள், பாவம். மடமடவென்று பக்கங்கள் வரிசை கட்டின. முதல் லிங்கைத் தொட்டாள். ‘வாடிய சோளப் பயிரில் கொடிய நஞ்சு உண்டு. தின்ற ஆடுகளுக்கு உடனே செய்ய வேண்டியவை’ என்று இருந்தது. தெய்வமே என்று கீழே தள்ளினாள். தள்ளிய வேகத்தில் விரல் இடையில் இருந்த வேறொரு லிங்க்கில் பட்டுவிட்டது. படித்துக்கொண்டிருந்த பக்கம் போய், அதே இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது: ‘ஆட்டைப் படுக்க விடாமல் தொடர்ந்து நடக்க வைக்கவும்.’

பதற்றத்தில் யாருக்குத் தலைப்பெல்லாம் கண்ணில் படும்? முன்னதன் தொடர்ச்சி என்றே நினைத்தாள். கரையிலிருந்து இறங்கி ஓடி, “படுக்க விடாதிங்க! ஓட்டுங்க! நடத்திக்கிட்டே இருக்கணுமாம்!” என்றாள்.

“உப்புசத்துக்கு அதத்தான் செய்யணும். நான் அப்பவே சொன்னேன்லா” என்று கடற்கரை கம்பை எடுத்தான்.

ஓட்டினார்கள். ஒரு சுற்று வருவதற்குள் கொம்புக் கிடா முன்னங்கால் மடிந்து குப்புற விழுந்தது. அடுத்து சினையாடு ஒன்று. நின்றவை நின்றபடி இருக்க, நடந்தவைதான் விழுந்தன. வள்ளிமயில் போனைத் திறந்து அந்தப் பக்கத்தின் தலையைப் பார்த்தாள். ‘வயிறு உப்புசத்துக்குக் கைவைத்தியம்.’ சோளம் என்ற பேச்சே அதில் இல்லை. பின்னால் போகிற அம்பை அமுக்கினாள். சிக்னல் இல்லாத காட்டில் அது எங்கே போகும்? வெள்ளையாக விழித்தது.

“நீங்க கொஞ்சம் நிறுத்துங்க, நான் பாத்துட்டு வாரேன்” என்றாள்.

“நிறுத்துனா படுத்துரும்ட்டி! நீதானே நடத்தணும்னே?”

மறுபடி கரைக்கு ஓடினாள். ஓடும்போதே தன்னைத் தானே வைதுகொண்டாள். தேடினால் வருகிற ஒவ்வொன்றும் முன்னதை மூடாமல் தனித்தனிப் பக்கமாக, தனித்தனி டேப்பில் திறக்கும்படிதான் இசக்கிச்செல்வி முதலில் வைத்துக்கொடுத்திருந்தாள். இவள்தான் விடவில்லை. பட்டியில் ஒரு படலை அடைத்துவிட்டு மறு படலைத் திறக்கிறவள் ஆட்டுக்காரி. இரண்டும் திறந்து கிடந்தால் குட்டியும் தாயும் கலந்து போகும். “இத்தன டேப்பத் தொறந்து போட்டா நெட்டு தீராம என்ன செய்யும்? ஒண்ணு போதும்ட்டி” என்று மகளைப் பிடுங்கி எடுத்து மாற்ற வைத்தாள். மகளும் அலுத்துப்போய், “சரிம்மா, இனி எல்லாம் ஒண்ணுலயே தொறக்கும். எதையாவது தனியா வைக்கணும்னா லிங்க் மேல வெரல எடுக்காம அழுத்திப் பிடி” என்றாள்.

கரை மேல் ஏறி நின்று திரும்பத் தேடினாள். இந்தத் தடவை தொடவில்லை. அழுத்திப் பிடித்தாள். சின்னதாக ஒரு பெட்டி எழும்பியது: ‘புதிய தாவலில் திற.’ மகள் சொல்கிற டேப்புக்குத்தான் போன் தாவல் என்கிறது. திறந்தாள். அடுத்த லிங்க்கிலும் அழுத்திப் பிடித்தாள். ‘புதூர் ஆட்டு டாக்டர் நம்பர்’ என்று கேட்டு அதையும் தனியே திறந்தாள். முன்னது அழியவில்லை, மூன்றும் இருந்தன. அட கூறுகெட்டவளே, இத்தனை சுளுவான காரியமா இது என்று அவளுக்கு அழுகை முட்டியது.

நம்பரைக் கூப்பிட்டாள். டாக்டரம்மாவே எடுத்தார். “ஊசி இருக்கும்மா, நானே கொண்டு வாரேன். அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஆட்ட அசைக்காதீங்க. வெரட்டக் கூடாது, புடிக்கக் கூடாது. மெரண்டு ஓடுனா அந்த எடத்துலயே விழுந்துரும்” என்றார். முதல் டேப்பில் அதுவே எழுதியிருந்தது, எழுத்து மாறாமல்.

வள்ளிமயில் புஞ்சையைப் பார்த்தாள். அங்கன கடற்கரை தொண்டை கிழியக் கத்தியபடி மந்தையைச் சுற்றிச் சுற்றி விரட்டிக்கொண்டிருந்தான். சொன்ன சொல் தட்டாத புருஷன்! வேறு எதிலெல்லாமோ அவள் பேச்சைக் கேட்காதவன், கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுத் தொலைத்தான்.

“ஏங்க! ஓட்டாதிங்க! நிறுத்துங்க!”

வாடைக்காற்று எதிரே வீசியது. அவள் குரல் அவள் முகத்திலேயே வந்து அடித்தது. தலையில் கட்டியிருந்த துணியை உருவி வீசிக் காட்டினாள். கடற்கரை நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் இன்னும் வேகமாக விரட்டினான். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஆட்டுக்காரன் காட்டில் தூரத்திலிருந்து துணியை வீசினால் ‘பத்து, சீக்கிரம் ஓட்டு’ என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் அதுதான் பாஷை. நிறுத்து என்பதற்கு ஒரு சாடை அவர்களிடம் கிடையாது. மந்தையை நிறுத்தச் சொல்லி யார் யாரைக் கேட்டார்கள்?

இறங்கி ஓடினால் பாதி வழி போவதற்குள் இன்னும் எத்தனை விழுமோ. கண்ணெதிரே ஒரு குட்டி சுருண்டது. வள்ளிமயில் யோசிக்கவில்லை. மாரில் அடித்துக்கொண்டு, கரைச் சரிவில் அப்படியே விழுந்து உருண்டாள். கல்லும் முள்ளும் முதுகைக் கிழித்தன. அடியில் போய்க் கிடந்தாள், அசையாமல்.

“ஏட்டி! ஏ வள்ளி!”

கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான் கடற்கரை. ஆட்டை மறந்தான், செருப்பை விட்டான். “பாம்பா, ஏட்டி? என்னட்டி ஆச்சு? எங்கன கடிச்சது?” என்று அவள் தலையைத் தூக்கினான்.

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “ஒண்ணுமில்ல. ஒங்கள வரவைக்கத்தான் விழுந்தேன். போவாதிங்க. ஓட்டுனாத்தான் சாவுதாம். டாக்டரம்மா சொன்னாவ. வாராவ ஊசியோட. அதுவரைக்கும் பக்கத்துலயே போவக் கூடாது.”

கடற்கரை திரும்பிப் பார்த்தான். விரட்ட ஆளில்லாமல் மந்தை நின்றுவிட்டது. எஞ்சியவை தலையைத் தொங்கப் போட்டு, விலா ஏறி இறங்க மூச்சுவிட்டபடி நின்றன. அவற்றைச் சுற்றி விழுந்தவை கிடந்தன.

“அப்ப… நான் ஓட்டுனதுலயா வள்ளி?”

“நான்லா ஓட்டச் சொன்னேன்” என்றாள் அவள்.

கிடந்தவற்றில் ஒரு குட்டிக்கு இன்னும் காது துடித்தது. கடற்கரை எழப் போனான். வள்ளிமயில் விடவில்லை. போனால் தாயாடு மிரளும், தாயாடு ஓடினால் எல்லாம் ஓடும். குட்டி ஒரு தடவை கத்தியது. தாயாடு பதில் கொடுத்தது. இருவரும் இருந்த இடத்திலேயே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் கேட்டு மந்தை மிரண்டுவிடக் கூடாதே என்று, கடற்கரை துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதான்.