அரக்க மன்னனின் மூக்கு

தர்சிகா பல நாளாகக் கணினியில் செதுக்கிய அரக்க மன்னனின் மார்பளவுச் சிலை அன்று பின்னேரம் முப்பரிமாண ரெசின் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. தொங்கிய கன்னம், புடைத்த மூக்கு, கடைவாயில் கோரைப்பல், தலையில் இரண்டு கொம்பு. அதை ஸ்பிரிற்றில் கழுவி, ஊதா வெளிச்சத்தில் இறுக வைத்து, பச்சை நிறம் தீட்டுவதற்காகத் துறைமுகம் பார்த்த யன்னலோரம் வைத்தாள்.

சனசமூக நிலையத் தலைவரான பெரியப்பா பாக்கியரத்தினம் தேத்தண்ணி குடிக்க வந்தவர், சிலையைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"பிள்ளை, எனக்குச் சொல்லாமலே என்ரை சிலையைச் செய்திருக்கிறாய் என்ன!"

தர்சிகாவுக்குத் திக்கென்றது. திரும்பிப் பார்த்தால், மூக்கு உண்மையிலேயே அவருடையதுதான். அவள் வேண்டுமென்று செய்யவில்லை; கை தன்பாட்டில் செய்திருக்கிறது.

"இல்லைப் பெரியப்பா, இது அரக்கன். கொம்பைப் பாருங்கோ."

"கொம்பை எடுத்துவிடு. பல்லு இருக்கட்டும். சனம் கொஞ்சம் பயப்பட வேணும்."

அவருக்கு மறுப்புச் சொல்லிப் பழக்கப்பட்டவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை. தர்சிகா கொம்பை அழித்து, சிலையைப் பெரிதாக மறுபடி அச்சிட்டு, பச்சைக்குப் பதில் மாநிறம் பூசி, தோளில் வெள்ளைச் சால்வையும் தீட்டிக் கொடுத்தாள்.

நிலைய மண்டபத்தில் திரை விலகியபோது அவள் கடைசிக் கதிரையில் தலைகுனிந்து இருந்தாள். சிலையின் கடைவாயில் இரண்டு கோரைப்பற்கள் மினுங்கின. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்படியே எங்கடை தலைவர்தான்! ஒரு குறையும் சொல்ல ஏலாது," என்றார் செயலாளர் ஆனந்தராசா ஒலிவாங்கியில். சபை கைதட்டியது.

பெரியம்மா மட்டும் கிட்டப் போய் உற்றுப் பார்த்துவிட்டு வந்து, தர்சிகாவின் காதில் சொன்னார்:

"முகத்தைக் கொஞ்சம் சாந்தமாச் செய்துபோட்டாய், பிள்ளை."