மூடாத கழுத்துக்கோடு

1

இக்கதை ஓர் எரிச்சலிலிருந்து பிறந்தது. பழம்பாடல்கள் கௌதாரியைச் 'சிவல்' என்னும் ஒற்றைச் சொல்லால் அழைத்து நிறைவடைந்தன. பறவை நூலொன்றோ, கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இரு கௌதாரி இனங்களை அருகருகே வரைந்து, வேறுபாடு காண்க என்றது. கண்டேன். இரண்டுக்கும் சிவந்த அலகு, வெண்தொண்டை, அதைச் சுற்றிக் கருங்கோடு. ஓரினத்தில் அக்கோடு மாலைபோல் மூடிக்கொள்ளும். மற்றதில் மார்பில் சிதறிப் புள்ளிகளாகும். இறைவன் அவ்வளவே வேறுபடுத்தினான். [பாயிரம் போதும்.]

2

முதல் தொடக்கம்: பனி விலகிய மலைச்சரிவில் ஒரு பேடை...

வேண்டாம். மலை தானாகவே அழகாகிவிடும். எனக்கு வேலை வைக்காது.

இரண்டாம் தொடக்கம்: பறவை வளர்ப்பு நிலையம். கம்பிவலை அறை, தவிட்டு வாடை, எடைமேசை. வளர்ப்பவன் பேடையைத் துணியில் சுற்றிப் பிடித்திருக்கிறான். இனம் பார்த்துச் சான்று தருபவள் அவன் அக்கா. மலைக்கு உரியது மூடிய கோட்டினம். அதை மட்டுமே அங்கே விடலாம். பேடை கலப்பினம் என்றால் அதன் முட்டைகளை உடைத்துவிட வேண்டும்.

"இடப்பக்கம் பாருக்கா, அச்சு அசல் கோடு."

"வலப்பக்கத்த ஏன்டா விரலால மறைக்கிற?"

"பிடிக்கறதுக்கு வாகா இருக்கு."

"பரீட்சையிலயும் இப்படித்தான் வாகா உட்காருவ. எடு விரல."

எடுத்தான். கரும்புள்ளிகள் சில கோட்டைவிட்டு விலகி நின்றன.

3

[அக்காவை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன்; அடித்துவிட்டேன். மலையில் எஞ்சிய இனம் கலந்து கரைந்துபோகும் என்னும் அவள் அச்சம் நியாயமானது.]

"இறகு உதிர்ற நேரம்க்கா. அதான் அப்படித் தெரியுது."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தப்பா விட்டுட்டா, மலையெல்லாம் ஏறி நீ பொறுக்கிட்டு வருவியா?"

"அப்ப நீயே உடை. என்னால ஆகாது."

அடைகாப்புப் பெட்டியை அவள்முன் தள்ளினான்.

4

அப்புள்ளிகளை இட்டவன் நான். ஒரு வாக்கியத்தை அடித்தால் கோடு மூடிக்கொள்ளும், அனைவரும் பிழைப்பர். அடிக்க மாட்டேன். சிதறலையும் அழகென்றே ஒருவன் படைத்தான். அவன் வேலையைத் திருத்துவது என் தொழிலன்று.

முடிவு ஒன்று: அக்கா ஒரு முட்டையை எடுத்து...

முடிவு இரண்டு: அக்கா கையெழுத்திட்டுவிட்டு, தம்பியைப் பார்க்காமல்...

இரண்டையும் நிறுத்தினேன். என் கதையில் அவள் பெட்டியைத் திறந்து, கையை உள்ளே வைத்திருக்கிறாள், அங்கேயே வைத்திருப்பாள். உடைத்தே ஆகவேண்டும் எனத் துணிந்த வாசகர் அடுத்த வாக்கியத்தைத் தாமே எழுதலாம். தடையில்லை. முட்டை வெதுவெதுப்பாக இருக்கும். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.