நோகாத கழுத்துகள்

கழுத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று தனுஜா சொன்னபோது, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். படித்துப் படித்துக் கடைசியில் கழுத்துக்குத்தான் வந்து சேர்ந்தாளா என்று கேலி. அவள் அம்மா சண்முகவடிவு மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிச் சுமக்கிறவள் அவள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டாள், முழு உடம்போடு திரும்புவாள். எலும்பு, தசை, மூட்டு என்று பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்புக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. தனுஜாவுக்கு அது அம்மாவின் கழுத்து, அவ்வளவுதான்.

நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் ஆராய்ச்சி செய்ய, அதை நிர்வகிக்கும் துரையின் அனுமதி வேண்டும். அதற்காக நடையாய் நடந்தாள். துரை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏசிவிட்டாவது நிம்மதியாகப் போயிருக்கலாம். அவரோ உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, தெளிவாகப் பேசினார்.

"மகள், ஆளுக்கு ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய கொழுந்து நிறைய, அந்தக் கிலோக் கணக்க, கூட்டச் சொல்றாங்க கொழும்பு ஆபீஸ்ல. இந்தக் கயிறு கழுத்தக் கெடுக்குதுன்னு நீங்க காட்டுங்க. அத வச்சு நான் நிறை கூட்ட ஏலாது, தோள்ல மாட்டுற பை வேணும்னு எழுதுறேன். கெடுக்கலன்னா கூட்டத்தான் வேணும். எப்படியோ, ரிப்போர்ட் முதல்ல எங்களுக்கு வரணும்."

தனுஜா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். கெடுக்கிறது என்று காட்டுவதில் என்ன கஷ்டம்? லயத்தில் நிமிர்ந்து வானத்தைப் பார்க்க முடிந்த பெண்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

வலிக்கிறதா என்று வாயால் கேட்பதில் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வலி என்று சொன்னவளை ஏலாதவள் என்று ஒதுக்கி அரைப்பேர் போட்டுவிடுவார்கள், அதாவது பாதிக் கூலிதான். அதனால் எவளும் சொல்ல மாட்டாள். ஆகவே கருவியை நம்பினாள். தலையில் ஒரு பட்டியை மாட்டினால் கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும். கை எவ்வளவு உயரம் போகிறது, தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அளக்க வேறு கருவிகள் இருந்தன. வாய் மறைத்தாலும் உடம்பு மறைக்காது என்று அந்த அதிமேதாவி நினைத்தாள்.

ஆராய்ச்சிக்குச் சில விதிகள் உண்டு. சொந்த அம்மாவை அளக்கக்கூடாது. எந்த முடிவை எதிர்பார்க்கிறோம் என்று அளக்கப்படுகிறவர்களிடம் மூச்சுவிடக்கூடாது. தனுஜா இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். எதற்கு அளக்கிறாய் என்று கேட்டவர்களிடம், "படிப்புக்குத்தான்" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவில் அளவெடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சுமை தூக்காத பெண்கள் சிலரையும் அளந்தார்கள். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அனோஜாவும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் கோயில் திருவிழாவுக்கு வருவதுபோலப் பவுடர் பூசி, நல்ல சேலை உடுத்தி வந்தார்கள். சண்முகவடிவு வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள். இன்றைக்கு மருந்து ஏதாவது எடுத்தீர்களா என்று தனுஜா எல்லாரிடமும் கேட்டாள். இல்லை, இல்லை என்றார்கள். பிறகு கழுத்துகள் திரும்பின. சீப்பை எடுத்துத் தலைவாரவே முடியாத தனலெட்சுமி கூடக் கையை உச்சிவரை தூக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தாள். தனுஜா கருவியைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். கருவியில் ஒரு பழுதும் இல்லை.

கடைசியில் கணக்குப் பார்த்தபோது, கூடை சுமக்கும் பெண்களுக்கும் சுமை தூக்காத பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அதேதான். பேசியபடி அறிக்கையின் ஒரு பிரதி துரைக்குப் போனது. தனுஜா ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, இழவுக்குப் போகிறவள் போல வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, தனலெட்சுமி அத்தைக்குக் கை தோளுக்கு மேல போகாதே. அன்னைக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

சண்முகவடிவின் முகம் மலர்ந்தது. இதை எப்போது கேட்பாள் என்று காத்திருந்தவள் போல அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"பின்ன, உன்னை விட்டுக்குடுப்போமா? நாந்தான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். விடியக்காலயே ஆளுக்கு ரெண்டு வலி மாத்திர போட்டுக்கிட்டு, நல்லா எண்ணெ தேச்சுச் சுடுதண்ணி ஊத்திக்கிட்டு வரணும்னு. மருந்து போட்டீங்களான்னு புள்ள கேட்டா இல்லன்னு சொல்லணும்னு. ரொம்ப ஏலாதவளுகள வரவே வேணாம்னுட்டேன். அந்த மேடத்துக்கு முன்னால நம்ம ஆளுங்க நொண்டிக்கிட்டு நின்னா உனக்குத்தானே மானக்கேடு?"

தோட்டத்தில் பெரிய ஆள் வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே புதுப் பாய் விரிப்பார்கள். காய்ச்சல்காரனை எழுப்பி முகம் கழுவவைத்து நிறுத்துவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்தது இது. இந்தமுறை தங்கள் உடம்புக்கே சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், அதுவும் அவளுக்காக.

"ஐயோ அம்மா, நீங்க நொண்டுறதக் காட்டத்தான் நான் வந்தேன்!" என்று தனுஜா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவின் மேல் கோபம் பொங்கியது. அதைவிட, விதி விதி என்று வாயைக் கட்டிக்கொண்டு திரிந்த தன்மேல் பொங்கியது.

உடனே பேராசிரியருக்குப் போன் போட்டாள். மாத்திரை போட்டதை அந்தப் பெண்களே ஒப்புக்கொண்டால் அறிக்கையைத் திரும்பப் பெறலாம் என்றார் அனோஜா. அப்படிச் செய்தால் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், இனிமேல் உதவிப்பணம் கிடைக்காது, பட்டம் கிடைப்பதும் சந்தேகம்தான் என்றும் சொன்னார். "அவங்களச் சொல்லவைக்கிறேன், பட்டம் போனாப் போகுது மேடம்" என்றாள் தனுஜா. அடுப்படியில் சட்டி கழுவும் சத்தம் நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, துரையே வந்திருந்தார். மாயாண்டிக் கங்காணி எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். பல்கலைக்கழகமே சோதித்துப் பார்த்து உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து நிறை கூடுகிறது என்று துரை அறிவித்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தனுஜா முன்னால் போய் நின்றாள். "சேர், அந்த ரிப்போர்ட் பிழை. அன்னைக்கு இவங்க எல்லாரும் மாத்திர போட்டுக்கிட்டுத்தான் வந்தாங்க. வர ஏலாதவங்கள வீட்டிலேயே நிறுத்திட்டாங்க. நீங்களே கேட்டுப் பாருங்க."

துரை வரிசையைப் பார்த்தார். "அப்படியா? மாத்திரை போட்டீங்களா?"

தனுஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சொல்லுங்கள், ஒருத்தியாவது சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள். சண்முகவடிவு வரிசையை விட்டு முன்னால் வந்தாள். தனுஜாவுக்கு உயிர் வந்தது.

"இல்லீங்க தொரை," என்றாள் சண்முகவடிவு. "யாரும் ஒண்ணும் போடலீங்க. புள்ள படிச்சுப் படிச்சுக் கலங்கிப்போய் இருக்கு. அது பேச்சப் பெருசா எடுத்துக்காதீங்க."

"எங்களுக்கு ஒரு நோவும் இல்லீங்க," என்றாள் தனலெட்சுமி. ஆமாங்க, ஆமாங்க என்று வரிசை முழுவதும் சொன்னது.

துரைக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும், "நல்ல ரிப்போர்ட், மகள். நீங்களே ஏன் கெடுத்துக்கிறீங்க?" என்று பரிவோடு சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

பெண்கள் கூடைகளைத் தூக்கி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். சண்முகவடிவு மகள் பக்கத்தில் வந்ததும் முழு உடம்போடு அவள் பக்கம் திரும்பி நின்றாள்.

"ராத்திரி நீ போன்ல பேசினத நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். நாங்க எப்படியும் சுமக்கத்தான் போறோம். நீ வாய மூடிக்கிட்டுப் போயிப் பட்டத்த வாங்கு."

தனுஜா வாயை மூடிக்கொண்டு போய்ப் பட்டத்தை வாங்கினாள்.