பையின் அடியில் ஒன்று

லிஃப்டைப் பழுது பார்க்க அதன் கூண்டின் மேல் குந்தியிருந்த கடுகின் அப்பாவுக்குக் கை ஓரிடத்தில், மனம் வேறிடத்தில்.

"இறுக்கச் சொன்னா கழட்டிட்டு இருக்கே" என்றார், கூட வேலை பார்க்கும் நண்பர். அவரை எல்லோரும் ஸ்பானர் என்றே கூப்பிடுவார்கள். "தூக்கத்துல வந்துட்டியா?"

அப்பா திருகாணியைக் கையில் எடுத்தார். அது விரல்களிலிருந்து நழுவி, கூண்டின் ஓரத்தில் பட்டு, இருட்டுக் குழிக்குள் டிங் டிங்கென்று இறங்கிப் போயிற்று.

கடுகு அவருடைய மகள். இரண்டாம் வகுப்பு. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்று அம்மா வைத்த செல்லப்பெயர். பிறக்கும்போதே மலம் போகும் வழி இல்லாமல் பிறந்தவள். டாக்டர்கள் ஒவ்வொரு ஆபரேஷனாகச் செய்து வழி அமைத்துக் கொடுத்தார்கள். வழி வந்தது, கட்டுப்பாடு வரவில்லை. எப்போது வருகிறது என்றே அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் தெரியும். அதனால் பள்ளிக்கும் டயப்பர்தான். போன வருஷம் யாரோ ஒருத்தன் "பாப்பா, பாப்பா" என்று பாட்டுக் கட்டியதிலிருந்து பள்ளி என்றாலே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

பிறகுதான் அந்த நர்ஸம்மா கிடைத்தார். தினம் சாயங்காலம் உப்புத் தண்ணீரை எனிமாவாக ஏற்றிக் குடலைச் சுத்தமாகக் கழுவிவிட்டால் மறுநாள் சாயங்காலம் வரை ஒன்றும் வராது என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துப் பார்த்துத் தண்ணீரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கடைசியில் இவளுக்கென்று ஓர் அளவைக் கண்டுபிடித்தார். வீட்டில் பழகி, கடைத்தெருவில் பழகி, இன்றுதான் டயப்பர் இல்லாமல் பள்ளிக்கு முதல் நாள். மாற்று உடுப்பு ஒன்று வகுப்பு டீச்சரிடம் இருக்கிறது.

"டயப்பர் இனிமே கிடையாது, சத்தியம்" என்று நேற்று அப்பா அவள் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தார்.

காலையில் அவள் பல் துலக்கும் நேரம் பார்த்து, புத்தகங்களுக்கு அடியில் ஒரு டயப்பரை மடித்து வைத்ததும் அதே கைதான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பயம். அன்புதான் அது, ஆனால் அன்பும் சில வேளை திருடனைப் போலப் பின்வாசல் வழியாகத்தான் நுழைகிறது.

இப்போது அவருக்கு, வகுப்பில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் கூடப் பின்னால் போய்விட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டால்? அப்பாவே நம்பவில்லை என்று அந்தப் பிஞ்சு மனசு எண்ணிவிட்டால்? பென்சில் எடுக்கப் பைக்குள் கை விடும்போது அது எல்லோர் முன்னாலும் வெளியே விழுந்தால்? பள்ளிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தார். டீச்சர் வந்து பையைத் துழாவினால் வகுப்பே எட்டிப் பார்க்கும். போனைச் சட்டைப்பையில் போட்டார். மறுபடி எடுத்தார். சிக்னல் இல்லை, திரும்ப உள்ளே வைத்தார்.

'கடவுளே, அவ அதைப் பாக்காம இருக்கணும். பாத்தா என் மேல கோவப்படட்டும், தன் மேல வேண்டாம்.' எண்ணெய்ப் பிசுக்கோடு செய்த வேண்டுதல். அதற்குமேல் அவருக்கு வேண்டத் தெரியவில்லை.

ஸ்பானர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, கால்ல வெந்நி ஊத்திக்கிட்டவன் மாதிரி இருக்கே?"

"பொண்ணு பையில ஒண்ணு வெச்சுட்டேன். எடுத்தாகணும்."

"என்ன, பாம்பா?"

"கிட்டத்தட்ட."

ஸ்பானர் மேலே கேட்கவில்லை. இருவரும் கூண்டை விட்டு இறங்கினார்கள். "மேல் வேலை முடிஞ்சுது. கதவை நானே பாத்துக்கறேன், நீ கிளம்பு. மேனேஜர் கேட்டா வயித்துவலின்னு சொல்லிடறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். உன்னைப் பாத்துப் பாத்து வந்தது."

மற்றவரின் அவசரத்தைக் காரணம் கேட்காமல் மதிக்கிறவர்கள் இருக்கும் வரை உலகம் நின்றுவிடாது.

பள்ளி வாசலில் அப்பா கம்பியைப் பிடித்தபடி நின்றார். உட்கார்ந்தார். மறுபடி நின்றார். மகளின் நடை அவருக்கு மனப்பாடம். அசிங்கமாகிவிட்ட நாளில் காலை அகட்டி, சுவரை ஒட்டி, எல்லோருக்கும் கடைசியாக வருவாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் மடை திறந்தாற்போல் வந்தார்கள். கூட்டத்தின் நடுவில் கடுகு. ஓடி வந்தாள், முதுகில் பை குதித்தது.

அப்பா கையை நீட்டினார். "பையைக் குடு. கனமா இருக்கும்."

"இப்ப கனம் இல்ல. காலையிலதான் இருந்துச்சு."

தெருவோரம் அவர் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராக வந்தார். "பாத்துட்டியாம்மா?"

"கணக்கு நோட்டு எடுக்கறப்பவே பாத்துட்டேன். நீ பொய்ச் சத்தியம் பண்ணினே."

"ஆமாம்மா. தப்புதான். எனக்குப் பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நான் ஒண்ணும் உன் பையில எதுவும் வெக்கலையே." உதடு துடித்தது. ஆனால் அழவில்லை. "யாருக்கும் தெரியாம தூக்கிப் போடலாம்னு பாவாடைக்குள்ள ஒளிச்சு வெச்சு பாத்ரூமுக்குக் கொண்டுபோனேன். பக்கத்து பாத்ரூம்ல யாரோ அழுதாங்க. கதவுக்குக் கீழ சின்ன சிவப்பு ஷூ, அதைச் சுத்தித் தண்ணி. தண்ணி இல்லப்பா, அது."

"நீ என்ன பண்ணினே?"

"டயப்பரைக் கதவுக்கு அடியில தள்ளிவிட்டேன். அழுகை நின்னுடுச்சு."

"யாருன்னு பாத்தியா?"

"பாக்கல. பாத்தா அவங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."

அப்பா இன்னும் மண்டியிட்டே இருந்தார். கடுகுதான் அவர் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல எனிமா. தண்ணீர் இறங்கி முடியும் வரை அவள் கழிப்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கவிழ்த்த வாளியில் அப்பா காவல். தண்டனையாக இரண்டு கதை கேட்டாள். கதையில் பொய் இருக்கலாமா என்றார். அதில் மட்டும் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அம்மா கதவுக்கு அப்பாலிருந்து, "நீங்க பயந்தா அவளும் பயப்படுவான்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள். பிறகு அவளும் கதை கேட்க அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை கடுகு அவர் முன்னால் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். புத்தகம், பென்சில் சீவல், பாதி அழிப்பான். வேறொன்றும் இல்லை. அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அவள் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள். பிறகு அலமாரியைத் திறந்து, பழைய பொட்டலத்திலிருந்து ஒரு டயப்பரை எடுத்து மடித்து, தானே பையின் அடியில் வைத்தாள்.

அப்பாவின் முகம் மாறியது. "ஏம்மா, பயமா இருக்கா?"

"எனக்கில்லப்பா" என்றாள் கடுகு, பையை மாட்டிக்கொண்டு. "அந்த சிவப்பு ஷூவுக்கு."