உங்களுக்குத் தெரியாததா

மார்லிஸ் டைக்ரோப் இடமாற்ற விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள். ரெட்வில்லோ பல்கலைக்கழக மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள், திங்கட்கிழமை முதல் ஆவணப் பிரிவு மேசைக்குப் போகிறாள். காரணம் களைப்பு. ஓர் ஆண்டாக எவ்வளவு தூங்கினாலும் தீரவில்லை. போன வாரம் ஒரு குழந்தைக்கான பால் அளவைத் தப்பாக எழுதி, கொடுப்பதற்கு முன் தானே கண்டுபிடித்தாள். அதற்கு மேல் தன்னை நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஊழியர் நலக் கேள்வித்தாள் ‘பணிச்சோர்வு அதிகம்’ என்றது. மூச்சுப்பயிற்சி வகுப்புக்கு ஓர் அழைப்பும் வந்தது.

இடமாற்றத்துக்கு ஊழியர் நல மருத்துவ அறையில் சான்று வாங்க வேண்டும். அங்கிருந்த நர்ஸ் லிகாயா மனன்சாலா, முன்பு அவளோடு அதே பிரிவில் வேலை பார்த்தவள்.

“என்னக்கா, இனிமே ஃபைலுக்குத்தான் பால் குடுக்கப் போறீங்களாம்?”

“ஃபைல் அழாது. கையெழுத்தப் போடு.”

லிகாயா திரையைப் பார்த்தாள். தைராய்டு குறைவுக்கு மாத்திரை; அது குறைந்தால் களைப்பு தீராது. ஓராண்டில் மூன்று முறை அளவைக் கூட்டியிருந்தார்கள். இறங்க வேண்டிய இரத்தப் பரிசோதனை எண் இறங்கவே இல்லை.

“மாத்திரைய எப்படிச் சாப்பிடுறீங்க?”

“வாயாலதான்.”

“நக்கல் வேணாம். குழந்தையோட வீட்டுக்குப் போற அம்மாக்கள்கிட்ட என்ன கேப்பீங்க? உங்க வார்த்தையில சொல்லிக் காட்டுங்கன்னுதானே? நீங்களும் சொல்லுங்க. காலையில எந்திரிச்சதுலேர்ந்து.”

மார்லிஸுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். ஆறேகாலுக்குக் கார். ஆறே முக்காலுக்கு உடை மாற்றும் அறை. ஷிப்ட் ஒப்படைப்புக்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அங்கே எல்லோரும் செய்வதுதான்: பெட்டியைத் திறந்து, அன்றைய மாத்திரைகளை மொத்தமாக அள்ளி, பால் ஊற்றிய காபியோடு விழுங்குவது.

“தைராய்டு, இரும்புச்சத்து, கால்சியம், எல்லாம் ஒரே...”

பாதியில் நிறுத்தினாள்.

“உடம்புல சேந்தே இருக்காது, இல்ல?”

“சரியா சேந்திருக்காது. தைராய்டு மட்டும் வெறும் வயித்துல, தண்ணியோட. காபிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. இரும்பும் கால்சியமும் நாலு மணி நேரம் தள்ளி. இத யாரும் சொல்லலையா?”

“யாரும் சொல்லல. நானும் கேக்கல.”

மருத்துவர், ‘உங்களுக்குத் தெரியாததா’ என்று சிரித்திருந்தார். மருந்துக் கடைக்காரர் அவள் கழுத்திலிருந்த நர்ஸ் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விளக்கத் தாளைக் கொடுக்கவில்லை. அவளும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். அவள் படித்ததெல்லாம் ஒரு கிலோ எடையுள்ள குழந்தைகளின் மருந்துகள்.

“இப்பவே டாக்டர்கிட்ட பேசுறேன்,” என்றாள் லிகாயா. “மூணு தடவ ஏத்தின அளவு. நாளைக்கே ஒழுங்கா சாப்பிட்டா அது கூடிப்போகும். அளவக் குறைச்சு, ஆறு வாரத்துல ரத்தம் பாக்கணும். இப்ப நான் சொன்னத...”

“திருப்பிச் சொல்றேன், இரு.” மார்லிஸ் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

பிறகு அங்கிருந்தே தன் பிரிவுத் தலைவி ஹெட்டியை ஃபோனில் கூப்பிட்டாள்.

“விண்ணப்பத்த நிறுத்தி வை.”

“மனசு மாறிடுச்சா?”

“மனசு எப்பவும் அங்கதான் இருக்கு. ஆறு வாரத்துக்கு நான் எழுதுற ஒவ்வொரு அளவையும் இன்னொருத்தர் பாக்கணும். திங்கக்கிழமை என்னை எந்தக் குழந்தைக்குப் போடுற?”