கருப்பு இருக்கும்போதே

என் அம்மா ஜோதிலட்சுமிக்கு நாற்பத்தெட்டு வயது. காலிடுக்கில் இருக்கும் முடியை இனி முளைக்கவே முளைக்காதபடி எடுத்துவிடுவது என்று அவள் முடிவு செய்தபோது, மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீடு மட்டும் துக்கம் அனுசரித்தது. அப்பா சாப்பிடுவதையே நிறுத்தினார். அதாவது வீட்டில் சாப்பிடுவதை. சின்னமனூரில் பரோட்டாவுக்குக் குறைவில்லை.

"இந்த வயசுல அதை எடுத்து யாருக்குடி காட்டப் போற?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா என்னிடம் வந்து, "தேனியில லேசர் வச்சு எடுக்குறாகளாம். சனிக்கெழம வண்டியில கூட்டிட்டுப் போடா" என்றாள்.

எங்கள் பக்கம் புருசன் பெண்டாட்டி வழக்கு தீராவிட்டால் பெண்ணின் அண்ணனைக் கூப்பிடுவார்கள். அப்பாவும் கூப்பிட்டார். என்ன வழக்கு என்று போனில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேல்பாண்டி மாமா கம்பத்திலிருந்து வெள்ளை வேட்டியில், ஒரு பெட்டி திராட்சையோடு வந்து இறங்கினார். ஊர்ப் பஞ்சாயத்து நிறையப் பார்த்தவர்.

"என்ன மாப்ள, எடப் பிரச்சனையா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பிடியும் சொல்லலாம் மச்சான்" என்றார்.

"பத்திரம் யாரு பேர்ல இருக்கு?"

"உங்க தங்கச்சிகிட்டயே கேளுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து, கத்தரிக்காய் விலை விசாரிக்கும் குரலில் விசயத்தைச் சொன்னாள். மாமா அப்போதுதான் ஒரு திராட்சையை வாயில் போட்டிருந்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"பஞ்சம்மா மதினி இந்த ரூம்புலதான கெடந்தாக, அண்ணே" என்றாள் அம்மா. பஞ்சம்மாள் அப்பாவின் அக்கா. பிள்ளையில்லாதவர். பக்கவாதத்தில் விழுந்து, எங்கள் வீட்டிலேயே மூன்று வருசம் கிடந்து, போன மாசியில் இறந்துபோனார். "மூத்திரமும் பீயும் முடியில ஒட்டி ஒட்டிப் புண்ணாகிருச்சு. செரைச்சுவிடுங்கன்னு நர்சு சொன்னா. நாந்தான் செரைச்சேன். வாடி போடின்னு என்னைய வெரட்டுன மனுசி, மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாக. அதுக்குப் பெறகு சாகுற வரைக்கும் என் மூஞ்சியப் பாக்கல. இவுக பிளேடு வாங்கியாந்து வாசல்லயே குடுத்துட்டுப் போயிட்டாக."

"நல்ல பிளேடுதான்" என்றார் அப்பா.

"எனக்கும் ஒருநா அப்பிடி வரும்ல. அன்னைக்கு யாரு செரைப்பா? ஒரு பேரைச் சொல்லுங்க அண்ணே. நான் இதை இப்பவே விட்டுர்றேன்."

கூடத்தில் நாங்கள் மூன்று ஆண்கள் இருந்தோம்.

"ஆள் வச்சுக்கலாம்" என்றார் அப்பா கடைசியில்.

"உங்க அக்காளுக்கு ஏன் வைக்கல?"

"நீ இருந்தியே."

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அப்பா உண்மையாகவே அதை ஒரு பதில் என்று நினைத்துத்தான் சொன்னார்.

மாமா சமாதானத்துக்கு வந்தார். "ஏத்தா, இவனுக்கு ஒருத்தி வருவால்ல. மருமக பாக்க மாட்டாளா?"

"யாரு வருவா? உங்க மக விஜிதான? அவ பொறந்ததுலருந்து சொல்லிட்டுத்தான திரியிறீக. இப்பவே போனைப் போடுங்க. அத்தைக்கு இப்பிடி ஒரு வேலை இருக்குத்தா, மனசுல வச்சுக்கன்னு சொல்லுங்க."

மாமா திராட்சையை விதையோடு விழுங்கினார். "விஜி மேக்கொண்டு படிக்கணும்ங்கிறா" என்றார்.

என் கல்யாணப் பேச்சு அந்த இடத்தில் முடிந்தது. இதில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டது அம்மா மட்டும்தான். அதுவும் கல்யாணத்தைப் பற்றி இல்லை, வாயாலும் இல்லை; அந்த ஒரு பேருக்காக என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து என் கைப்பேசியில் ஏதோ அவசரச் செய்தி வந்ததுபோல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். யாரும் அனுப்பவில்லை. ஆனாலும் வெகுநேரம் படித்தேன்.

"சரி மாப்ள, ஆசைப்படுறா. போயிட்டு வரட்டும்" என்று மாமா தீர்ப்பு சொன்னார்.

"நான் எப்ப வேணாம்னேன்?" என்றார் அப்பா.

இத்தனை நாள் கிடைக்காத அனுமதி இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அம்மா எதிர்பார்த்திருக்க மாட்டாள். ஒரு பெயரைச் சொல்வதைவிட எங்களுக்கு அது லேசாக இருந்தது. அவள் திராட்சைப் பெட்டியை மூடி வைத்தாள். பிறகு, "காப்பி போடவாண்ணே?" என்றாள்.

சனிக்கிழமை தேனிக்குப் போனோம். கிளினிக் சுவரில் நகை போட்ட மணப்பெண் ஒருத்தி படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்மேசையில் இருந்த பெண், "கல்யாணப் பொண்ணு வரலையா மேடம்?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான் தாயி. கல்யாணத்துக்கு இல்ல. படுக்கையில விழுறதுக்கு."

அந்தப் பெண் எங்களை உட்காரச் சொன்னாள். படத்துப் பெண் சிரிப்பை நிறுத்தவில்லை.

உள்ளே போய்ப் பரிசோதனை முடிந்து அம்மா வெளியே வரும்போது டாக்டரும் கூடவே பேசிக்கொண்டு வந்தார். "லேசருக்குக் கருப்பு முடிதாம்மா தெரியும். உங்களுக்குப் பாதிக்கு மேல வெளுத்துருச்சு. வெள்ளையை ஒவ்வொண்ணா ஊசி வச்சுத்தான் எடுக்கணும், நம்மகிட்ட அது இல்ல. ஒரு ரெண்டு மூணு வருசம் முன்னாடி வந்திருக்கலாமே."

"அப்ப எனக்குக் கை ஒழியல டாக்டர். இன்னொருத்தருக்குச் செரைச்சுக்கிட்டு இருந்தேன்."

டாக்டர் கையிலிருந்த சீட்டைப் புரட்டினார்.

"இருக்குற கருப்பையாவது எடுத்துவிடுங்க" என்றாள் அம்மா.

முதல் தடவை அன்றைக்கே முடிந்தது. மாதம் ஒருமுறை வரச் சொன்னார்கள். திரும்பும்போது வீரபாண்டி தாண்டியதும் சாலை வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பக்கமும் வயல். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தாள்.

"சூர்யா, வெள்ளை அப்பிடியேதான் நிக்குமாம்டா."

அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. அடுத்து யாரோ பேச வேண்டும் என்பது மாதிரி இருந்தது.

நான் ஹாரன் அடித்தேன். எதிரில் வண்டி இல்லை, ஆள் இல்லை, ஆடுகூட இல்லை. இன்னொரு தடவை அடித்தேன்.

அம்மா தோளிலிருந்து கையை எடுத்து, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.