உமா மகேஸ்வரி மேடம் கத்தியை வாங்கிய விதம்

கீழே உள்ளதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். பொய்யானால் என் இரண்டு கண்ணும் இன்றைக்கே அவிந்துபோகட்டும். ஹட் பே என்கிற தீவு ஊரில் ஒரு பள்ளிக்கூட கேட்டில் பதினேழு வருடம் வாட்ச்மேனாக உட்கார்ந்தவன் நான்.

ஒன்பதாம் வகுப்பு உதயாவை, அதே வகுப்புத் தபன் மைதானத்தில் தோப்புக்கரணம் போடவைத்து போனில் வீடியோ எடுத்தான். சாயங்காலத்துக்குள் கப்பல் அணைகிற ஜெட்டியில் கயிறு கட்டுகிறவர்வரை அதைப் பார்த்துச் சிரித்தாயிற்று.

திங்கட்கிழமை காலை உதயாவின் பையில் ஒரு மரப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை அறுத்த கத்தி.

“என்னடா அது?”

“ஸ்கேல், தாத்தா.”

“ஸ்கேலுக்கு எவன்டா பிடி போட்டான்?”

“வெள்ளிக்கிழமை பெல் அடிச்சதும் தபன் இந்த கேட்டு வழியாத்தான வருவான்? அப்பப் பாருங்க.”

நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. கவுன்சிலிங் மேடத்திடம் ஓடினேன். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே டெலானிபூர் கல்வி ஆபீசிலிருந்து வந்தவர், உமா மகேஸ்வரி. அவர் வந்த கப்பலில் படுக்கைக்கு அடித்துக்கொண்ட இருநூறு பேர், இறங்கும்போது ஒருவர் மூட்டையை மற்றவர் சுமந்து வந்தார்கள்.

மேடம் இரண்டு நாற்காலிகளை முட்டியோடு முட்டி இடிக்கப் போட்டார். “தபன், நீ உதயாவா பேசு. உதயா, நீ தபனா பேசு. அதுவரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது.”

“பாகல் ஹை க்யா?” என்றான் தபன். மேடத்துக்குப் பைத்தியமா என்று என்னைத்தான் கேட்டான்.

“சும்மா உக்காருடா,” என்றேன்.

மூன்று நாள் உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரம் அலுத்துப்போய் நின்றது. தபனின் நாற்காலிக் காலில் கரையான் ஒரு சாண் புற்று கட்டியது. வியாழக்கிழமை தபன் வாயைத் திறந்தான். இந்தியில் சொன்னான், தமிழில் எழுதுகிறேன்.

“நான் உதயா. வீடியோவ அம்மாவும் பார்த்துட்டாங்க. அன்னைலேர்ந்து சோறு போடும்போது என் மூஞ்சியப் பார்க்கிறதில்ல.”

உதயா அழுதான். அந்தத் தண்ணீர் ஹெட்மாஸ்டர் அறைவரை போனது; துடைத்தவன் நான். பிறகு அவன் சொன்னான்: “நான் தபன். எல்லாரும் எடு எடுன்னாங்க. எடுக்கலைன்னா அடுத்து என்னையத்தான் போடச் சொல்லுவாங்க.”

சொல்லிவிட்டுக் கத்தியை மேஜைமேல் வைத்தான். மேடம் என்னிடம் கொடுத்தார். ஜெட்டியின் நுனிக்குப் போய்க் கடலில் எறிந்தேன். அடியில் போய் விழுந்த சத்தம் பதினோரு நிமிடம் கழித்துக் கேட்டது. வெள்ளிக்கிழமை பெல் அடித்ததும் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் சமோசா தின்றுகொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

எங்கள் பள்ளிக்கு முதன்முதலாக ஓர் ஆலோசகரை, உமா மகேஸ்வரி மேடத்தை, நியமித்து உத்தரவு வந்தது, தபனைச் சுடுகாட்டில் எரித்த பத்தொன்பதாம் நாள்.